எட்டு மணி ஊசி

உப்பளத்துக்குப் போகிற சாலையில், ஊர் முடிகிற இடத்தில் ஒரு தர்ம ஆஸ்பத்திரி. வைத்தியத்துக்குக் காசு கிடையாது. சாப்பாடு மட்டும் அவரவர் வீட்டிலிருந்து வந்துவிட வேண்டும்.

அங்கே சர்க்கரைப் புண் வார்டைப் பார்த்துக்கொண்டவர் ஜெபக்கனி சிஸ்டர். நீளமான ஒரே கூடம். அந்தப் பக்கம் ஆண்கள், இந்தப் பக்கம் பெண்கள், நடுவில் ஒரு துணித் தட்டி. சிஸ்டருக்கு வயது ஒன்றும் அதிகமில்லை. ஆனாலும் மற்ற வார்டுகளில் யாருக்கும் பிடிபடாத ஒரு சங்கதி வந்துவிட்டால், "கனி சிஸ்டரை ஒரு நடை வரச்சொல்லுங்க" என்பார்கள்.

அந்த வார்டுக்கு ஒருநாள் ஆறுமுகநயினார் வந்து சேர்ந்தார். பட்டாளத்தில் நர்சிங் வேலை பார்த்துவிட்டு ஓய்வு பெற்று வந்தவர். சிஸ்டரைவிட மூத்தவர். முறுக்கின மீசை, மடிப்புக் கலையாத சட்டை, முகம் பார்க்கலாம் போலச் செருப்பு. எவ்வளவு ஒடுங்கிப்போன நரம்பானாலும் ஒரே குத்தில் ஊசியை ஏற்றிவிடுவார். சொன்ன வேலையைச் சொன்ன மணிக்கு முடிப்பார். வந்த முதல் வாரமே வார்டில் அவருக்குப் பெயர் வைத்துவிட்டார்கள், மிலிட்டரி அண்ணாச்சி என்று.

வந்த அன்றைக்குச் சிஸ்டரின் மேஜைக்கு முன்னால் விறைப்பாக நின்றார்.

"உக்காருங்க அண்ணாச்சி."

"இருக்கட்டும் சிஸ்டர். பெரிய டாக்டர் உங்ககிட்டப் போகச் சொன்னாவ."

"என்ன சொல்லி அனுப்பினாவ?"

நயினார் தொண்டையைச் செருமிக்கொண்டார். "உமக்குக் கை நல்லா வேலை செய்யுது, தலைதான் செய்யலைன்னாவ. கனி சிஸ்டர்கிட்ட கொஞ்ச நாள் இரும், அங்கயும் சரிப்படலைன்னா பெறவு பாத்துக்கிடலாம்னாவ."

சிஸ்டருக்குச் சிரிப்பு வந்தது. "வேற ஆளா இருந்தா இதை அப்படியே வந்து சொல்லமாட்டாவ."

"கேட்டிய, சொன்னேன்." அவர் இன்னும் உட்காரவில்லை. "யோசிக்கதை எங்க சிஸ்டர் சொல்லிக் குடுப்பாவ? பட்டாளத்துல எனக்கு அதை யாரும் பழக்கலை. அங்க யோசிக்கதுக்கு வேற ஆளு இருந்தாவ. நான் செய்யிற ஆளு."

"சொல்லிக் குடுக்கிற ஆளுவ எல்லாரும் இங்க படுத்துல்லா கெடக்காவ," என்றார் சிஸ்டர். "முதல்ல வார்டை ஒரு சுத்து சுத்திட்டு வாங்க."

அவ்வளவுதான் சொன்னார். நயினாருக்கு அது பதிலாகவே படவில்லை.

வார்டில் மாடத்தியம்மாள் என்று ஒருத்தி இருந்தாள். இடது காலில் ஆறாத புண். உப்பளத்து ஆள். புண்ணைச் சுத்தம் செய்யும்போது அடுத்த கட்டில்காரிகள் அலறுவார்கள். இவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொள்வாள், சத்தம் வராது. துணைக்கு மகள் முப்பிடாதி இருந்தாள். கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுப்பாள். விடிந்ததும் பக்கத்துத் தெருவில் இருக்கிற சித்தி வீட்டுக்குப் போய் எதையாவது பொங்கிக்கொண்டு வருவாள்.

மாடத்தியம்மாளுக்குச் சாப்பிட்டவுடன் போடுகிற இன்சுலின். வீட்டுச் சாப்பாடு வருவதும் போவதும் நம் கையில் இல்லை, ஆகையால் சாப்பாடு வயிற்றுக்குள் போன பிறகே ஊசி என்று சின்ன டாக்டர் எழுதியிருந்தார். காலையில் எட்டு மணிக்கு என்றும் எழுதியிருந்தார்.

நயினார் எட்டு மணிக்கு ட்ரேயோடு கட்டிலுக்கு முன்னால் நிற்பார்.

"சாப்ட்டாச்சா அம்மா?"

"ஆச்சு தம்பி."

போட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போவார். நாலைந்து நாள் இப்படியே ஒரு குறையும் இல்லாமல் போனது.

அதற்கடுத்த நாளும் எட்டு மணிக்கு வந்தார்.

"சாப்ட்டாச்சா அம்மா?"

"ஆச்சு தம்பி."

போட்டார். நகர்ந்தார். தட்டிக்கு அந்தப் பக்கம் ஒருவருக்குக் கட்டுப் பிரித்துக்கொண்டிருக்கும்போது, மாடத்தியின் பக்கத்துக் கட்டில் ரோசம்மாள் சத்தம் கேட்டது.

"ஏ மிலிட்டரி. இங்க வந்து இந்தம்மாவைப் பாரும். கூப்பிட்டா மலங்க மலங்க முழிக்கா."

ஓடிவந்து பார்த்தார். மாடத்தியின் நெற்றி, கழுத்து, ரவிக்கை எல்லாம் தொப்பலாக நனைந்திருந்தது. கை வெடவெடவென்று ஆடியது. பெயர் கேட்டால் உதடு அசைந்தது, பெயர் வரவில்லை. சிஸ்டர் அதற்குள் விரலைக் குத்தி ரத்தத்தைப் பார்த்துவிட்டார். சர்க்கரை அடியோடு இறங்கிக் கிடந்தது.

நயினாரின் கை அப்போதும் பிசகவில்லை. காய்ந்த நார் மாதிரி இருந்த நரம்பில் ஒரே குத்தில் ஊசி ஏற்றி, க்ளூக்கோஸை உள்ளே விட்டார். கொஞ்ச நேரத்தில் மாடத்தி கண்ணைச் சுழற்றி எல்லோரையும் பார்த்தாள். எழுந்து உட்காரப் பார்த்தாள். விலகிக் கிடந்த முந்தானையை எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

சின்ன டாக்டர் வந்தார். பயந்து வந்தவர், ஆபத்து இல்லை என்று தெரிந்ததும் கோபப்பட்டார்.

"காலையில என்னம்மா சாப்பிட்டீங்க?"

மாடத்தி கையில் ஏறிக்கொண்டிருந்த ட்ரிப்ஸைப் பார்த்தாள்.

"சாப்பிடவே இல்லையா? சாப்பிடாமலே சாப்பிட்டேன்னு சொன்னா நாங்க என்னம்மா செய்யறது? உயிர் போயிருக்கும், தெரியுமா?"

வார்டு முழுக்கக் கேட்டது. மாடத்தி முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

டாக்டர் நயினாரிடம் திரும்பினார். "நாளைக்கும் அதே மருந்து, அதே நேரம்தான். ஆனா சாப்பிட்டாங்களான்னு நல்லா உறுதி பண்ணிட்டுப் போடுங்க."

"சரி சார்."

பிறகு நர்சுகள் அறையில் சிஸ்டர் கை கழுவிக்கொண்டிருந்தார். நயினார் வாசலில் வந்து நின்றார். அன்றைக்கு அவர் நிற்பதில் விறைப்பு இல்லை.

"நான் கேட்டேன் சிஸ்டர்."

"ஆமா."

"அவிய ஆச்சுன்னாவ."

"ஆமா."

"டாக்டர் சொன்ன அளவு. டாக்டர் சொன்ன நேரம். ஒண்ணும் மாத்தலை."

"ஆமா அண்ணாச்சி."

"பெறவு எங்க சிஸ்டர் தப்பு?" நயினார் தன் உள்ளங்கையைப் பார்த்தார். "என் கையால ஒரு உயிரு போகப் பாத்துச்சு. எங்க தப்புன்னு தெரிஞ்சா திருத்திக்கிடுவேன். தெரியலைன்னா நாளைக்கு ஊசியைத் தொடுததுக்கே பயமா இருக்கும். பேசாம ஊருக்குப் போயிரட்டுமா?"

சிஸ்டர் துண்டில் கையைத் துடைத்தார். விரல் விரலாகத் துடைத்தார்.

"சாப்ட்டியளா அண்ணாச்சி?"

"ஆச்சு சிஸ்டர்."

"எப்ப?"

நயினார் மணிக்கட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார்.

"என்ன சாப்ட்டிய?"

அவர் தன் செருப்பைப் பார்த்தார். "இன்னும் சாப்பிடலை."

"பெறவு ஏன் ஆச்சுன்னிய?"

"வாய் தன்னால சொல்லிருச்சு."

"தன்னாலயா?"

நயினார் யோசித்தார். அவருக்கு அது பழக்கமில்லாத வேலை என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"இல்லைன்னு சொன்னா நீங்க உங்க டப்பாவைத் தொறப்பிய. இருக்கிறதுல பாதியைத் தள்ளுவிய. அது உங்களுக்கே பத்தாது."

சிஸ்டர் டப்பாவைத் திறந்தார். உப்புமா இருந்தது. பாதியை மூடியில் எடுத்து அவர் பக்கம் தள்ளினார்.

"நீங்க எனக்காகச் சொன்னிய. அந்தம்மா யாருக்காகச் சொன்னாவ?"

நயினார் மூடியைக் கையில் எடுத்துக்கொண்டார். நின்றுகொண்டே உப்புமாவைச் சாப்பிட்டார்.

அன்றைக்கு இரவு வீட்டில் படுத்துக்கொண்டு அவர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். பட்டாளத்துக்காரர் முடிவு எப்படி இருக்கும்? காலையில் வார்டுக்கு வந்ததும் சிஸ்டரிடம் சொன்னார்.

"புரிஞ்சிட்டு சிஸ்டர். இங்க ஒருத்தரு சொல்லுததையும் நம்பக் கூடாது."

"அப்படியா?"

"நம்பினாத்தானே தப்பு வருது."

"நல்லது," என்றார் சிஸ்டர். "போய்ப் பாருங்க."

அன்று காலை அந்த வார்டு பட்ட பாட்டைக் கேட்கவேண்டுமே.

"என்ன சாப்ட்டீரு?"

"தோசை."

"எத்தனை?"

"ரெண்டு."

"தொட்டுக்கிட என்ன?"

"என்னய்யா, பொண்ணு பாக்கவா வந்திருக்கீரு?"

"ஏனத்தைக் காட்டும்."

கிழவர் ஒருவர் கழுவி வைத்த தூக்குச்சட்டியை எடுத்துக் கவிழ்த்துக் காட்டினார். அடுத்தவர் வாயைத் திறந்தே காட்டிவிட்டார். நேற்று, தங்கச்சி வீட்டுக் கல்யாண லட்டைக் கொண்டுவந்து கொடுத்தார்கள், தின்றுவிட்டேன் அண்ணாச்சி, மறைக்க மனசு வரவில்லை என்று தானாகக் கூப்பிட்டுச் சொன்ன ஒருவர், இன்றைக்கு, கஞ்சி, வெறும் கஞ்சி என்று மட்டும் சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்துக்கொண்டார்.

தட்டிக்கு இந்தப் பக்கம் ரோசம்மாள் தயாராக இருந்தாள். தட்டில் மூன்று இட்லி. தக்காளிச் சட்னி. அவள் வீட்டிலிருந்து சாப்பாடு என்றைக்கும் நேரத்துக்கு வந்துவிடும்.

"வாரும் மிலிட்டரி. செக்போஸ்ட்டு எப்ப நம்ம கட்டிலுக்கு வரும்னு இட்லியைத் திங்காம வச்சிருக்கேன். எண்ணிக்கிடும். பெறவு ஒண்ணு குறையுதுன்னு என்னைப் பிடிச்சு உள்ள போட்டுராதேயும்."

வார்டு சிரித்தது. நயினார் சிரிக்கவில்லை. சிஸ்டர் அன்று காலை முழுக்க அந்த வரிசையை விட்டு அகலவில்லை. ஒரு தலையணை உறையை மாற்றினார். ஒரு சொட்டு மருந்துக் குழாயைச் சரி செய்தார். நயினார் பக்கத்தில் வந்ததும் தணிந்த குரலில் கேட்டார்.

"அண்ணாச்சி, மாடத்தியம்மா கட்டிலுக்குக் கீழ என்ன இருக்கு?"

நயினார் குனிந்து பார்த்துவிட்டு வந்தார். "பெட்பேன். ஒரு ஜோடி செருப்பு."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்லை."

"முந்தியும் ஒண்ணும் இல்லாமத்தான் இருந்துச்சா?"

நயினார் மறுபடி அந்தக் கட்டிலைப் பார்த்தார். இத்தனை நாள் ட்ரேயை வைக்கும்போது ஒவ்வொரு நாளும் அவர் காலில் ஏதோ இடறும். நேற்று இடறவில்லை. இன்றைக்கும் இடறவில்லை.

"பாய் இருந்துச்சு," என்றார் மெதுவாக. "மக பாய்."

"அது எங்க?"

"எங்க சிஸ்டர்?"

"என்கிட்ட கேட்டா?"

சிஸ்டர் அடுத்த தலையணைக்குப் போய்விட்டார்.

நயினார் ட்ரேயை எடுத்துக்கொண்டு மாடத்தியின் முன்னால் நின்றார். அவள் அவரைப் பார்த்ததும் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள். நேற்று வாங்கின பேச்சு முகத்தில் இன்னும் இருந்தது.

"சாப்ட்டாச்சா அம்மா?"

"ஆச்சு தம்பி."

"என்ன சாப்ட்டிய?"

"இட்லி."

"எத்தனை?"

"மூணு."

"தொட்டுக்கிட?"

"தக்காளிச் சட்னி."

கண்ணை எடுக்காமல் சொன்னாள். ஒரு தடங்கலும் இல்லை. நயினாரின் கை ஊசிக்குப் போனது. போன கை நின்றது. பக்கத்துக் கட்டிலில் ரோசம்மாளின் தட்டு இருந்தது. மூணு இட்லி, தக்காளிச் சட்னி.

இப்போது என்ன செய்ய? பொய் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. ஏனத்தைக் காட்டுங்கள் என்றால் அவளிடம் ஏனம் இல்லை. பொய் சொல்லுதியளே என்று கேட்கலாம். கேட்டால் வார்டு முழுக்கக் கேட்கும். மறுபடியும் அவள் சுவர் பக்கம் திரும்பிக்கொள்வாள். ஊசியைப் போடவும் முடியாது, போடாமல் போகவும் முடியாது. பட்டாளத்தில் இதற்கு ஓர் உத்தரவு இருக்கும். இங்கே உத்தரவு தருகிறவரைத் திரும்பிப் பார்த்தார். சிஸ்டர் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

வேறு ஒன்றும் தோன்றாமல் நயினார் அப்படியே நின்றார். எட்டு மணி தாண்டியது. முதல் முறையாக அவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

கால் வலித்ததோ என்னவோ, ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார். ரோசம்மாள் கட்டிலுக்கு முதுகைக் காட்டி, மாடத்தியை மறைத்த மாதிரி உட்கார்ந்தார். ஊசியை மூடி ட்ரேயில் வைத்தார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்பதற்கு அவரிடம் ஒன்றும் இல்லை.

மாடத்தி ஜன்னலைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். மறுபடி ஜன்னலைப் பார்த்தாள்.

"போடலியா தம்பி?"

"போடணும்."

கொஞ்ச நேரம் போனது. போர்வையின் ஓரத்தை மடித்துக்கொண்டே இருந்தாள்.

"பஸ்ஸு வரணும்," என்றாள்.

நயினார் தலையை மட்டும் ஆட்டினார்.

"பத்து மணி பஸ்ஸு. புள்ள அதுலதான் வருவா." குரல் அவருக்கு மட்டும் கேட்கிற அளவில் இருந்தது. "விடியதுக்கு முன்ன உப்பளத்துல எறங்கிரணும் தம்பி. வெயிலேறின பெறவுதான் விடுவாவ. எனக்காக இத்தனை நாளு போகாம கெடந்தா. இன்னும் போகலைன்னா அந்த எடத்துல வேற ஆளைப் போட்டுருவாவ. நாந்தான் போகச் சொன்னேன். பாயைச் சுருட்டி நாந்தான் கையில குடுத்தேன்."

"சித்தி வீடு?"

"எத்தனை நாளைக்கு அங்க போயி நிக்கதுக்கு?"

நயினார் ஸ்டூலை இன்னும் கிட்ட இழுத்தார்.

"இன்னும் சாப்பிடலைன்னு நான் ஒரு வார்த்தை சொன்னா, இந்தா இருக்காளே, நல்லவதான், அவ தட்டை நீட்டுவா. நீட்டிட்டு, மக வரலியான்னு கேப்பா. பெத்தவளைக் கொண்டாந்து போட்டுட்டுப் போயிட்டான்னு சாயந்தரத்துக்குள்ள இந்த வார்டே பேசும். கை கால் எல்லாம் உப்பு தின்னு வெடிச்சிக் கெடக்கு என் புள்ளைக்கு. அவளை ஒரு சொல்லு சொல்லக் கேக்க மாட்டேன் தம்பி. அதுக்கு நான் மயங்கியே கெடந்துட்டுப் போறேன்."

நயினாருக்கு நேற்றுச் சாப்பிட்ட உப்புமா ஞாபகம் வந்தது.

"மக நேத்தும் பத்து மணிக்குத்தான் வந்துச்சா?"

"வந்துச்சு. ட்ரிப்ஸ் எதுக்குன்னு கேட்டா. தெம்புக்குன்னு சொன்னேன். நீங்களும் சொல்லிராதீங்க."

"சொல்லமாட்டேன்." அவர் எழுந்தார். "இந்தாங்க அம்மா, இதை மட்டும் கேட்டுக்கிடுங்க. வேர்த்துச்சுன்னா, கை நடுங்குச்சுன்னா, கண்ணு இருட்டுச்சுன்னா, மறைக்காம என்னைக் கூப்பிடுங்க. மத்ததுக்கு ஆச்சுன்னே சொல்லிக்கிடுங்க."

மாடத்தி முதல் முறையாகக் கொஞ்சம் சிரித்தாள்.

ஊசி போடாத ட்ரேயோடு நயினார் சிஸ்டரிடம் வந்தார்.

"பத்து மணிக்குத்தான் சாப்பாடு சிஸ்டர். பாய் உப்பளத்துக்குப் போயிருக்கு."

"இப்ப என்ன செய்யப் போறிய?"

"நீங்க சொல்லுங்க."

"நான் எட்டு மணின்னு எழுதலை. எழுதினவரு இந்தா வாராரு."

சின்ன டாக்டர் வார்டுக்குள் நுழைந்துகொண்டிருந்தார். நயினார் இத்தனை வருஷ வேலையில் மேலே இருக்கிறவரிடம் ஒரு கேள்வி கேட்டவர் இல்லை. கேட்டதற்குப் பதில் சொல்லித்தான் பழக்கம். ட்ரேயை இறக்கி வைத்துவிட்டு, டாக்டர் முன்னால் போய் நின்றார். கை தன்னால் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டது.

"சார். மாடத்தியம்மாவுக்கு இன்னும் ஊசி போடலை."

"ஏன்? மணி என்ன ஆச்சு?"

"அவியளுக்குச் சாப்பாடு பத்து மணி பஸ்ஸுல வருது சார். அதுக்குப் பெறவு போடலாமான்னு கேக்க வந்தேன்."

டாக்டர் அடுத்த நோயாளியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "வாசல்ல கடை இருக்கே. எட்டு மணிக்கு ரெண்டு இட்லி வாங்கிக் குடுத்துட்டுப் போடுங்க."

முன்பு என்றால் நயினார் "சரி சார்" என்று சொல்லிவிட்டு இட்லி வாங்க ஓடியிருப்பார். இப்போதும் வாய் வரைக்கும் அது வந்தது. அவர் சிஸ்டரைப் பார்த்தார். சிஸ்டர் ஏதோ மருந்துப் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்திருந்தார்.

"வாங்கிக் குடுக்கலாம் சார்," என்றார் நயினார். "ஆனா மக வேலை முடிஞ்சு அவ்வளவு தூரம் சுமந்துக்கிட்டு வார சோத்தை அந்தம்மா வேண்டாம்னு சொல்ல மாட்டாவ. வயிறு நிறைஞ்சிருந்தாலும் மக முன்னால சாப்பிடுவாவ. அப்ப ரெண்டு சாப்பாடு ஆயிரும். ஊசி ஒண்ணுதான்."

டாக்டர் திரும்பினார்.

"ரெண்டாவது சாப்பாட்டை நம்மகிட்ட சொல்லவும் மாட்டாவ," என்றார் நயினார்.

டாக்டர் அவர் பக்கத்தில் வந்தார். "பத்து மணி வரைக்கும் வெறும் வயிறா இருந்தா சர்க்கரை என்ன ஆகும், யோசிச்சீங்களா?"

"அது எனக்குத் தெரியாது சார். அதைத்தான் உங்ககிட்டக் கேக்கேன்."

இதைச் சொல்லும்போது நயினாரின் கை பக்கவாட்டிலிருந்து விலகியிருந்தது. டாக்டரின் முகத்திலும் என்னவோ தளர்ந்தது.

"விடிஞ்சதும் ஒரு தடவை, சாப்பிடறதுக்கு முன்னாடி ஒரு தடவை விரல் குத்திப் பாருங்க. ரெண்டையும் எனக்குச் சொல்லுங்க. ராத்திரி மருந்தை நான் பார்த்துக்கறேன். ஊசி, சாப்பாடு வந்து சாப்பிட்ட பிறகு. பஸ் லேட்டானா ஊசியும் லேட்." கொஞ்சம் நிறுத்தினார். "இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே."

"முன்னாடி எனக்கும் தெரியாது சார்."

டாக்டர் வரிசையில் நடந்து மாடத்தியின் கட்டிலுக்கு வந்தார். அவள் பயந்து முந்தானையை இழுத்துக்கொண்டாள். டாக்டர் புண்ணைப் பார்த்தார். காய்ச்சல் இருக்கிறதா என்று கேட்டார். போகும்போது குனிந்து, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "பஸ் வந்ததும் சொல்லுங்கம்மா, போதும்" என்றார்.

பத்து மணிக்கு மேலே முப்பிடாதி வந்தாள். சேலை கணுக்காலுக்கு மேலே தூக்கிச் செருகியிருந்தது. காலில் உப்பு வெள்ளை பூத்திருந்தது. தூக்குச்சட்டியைத் திறந்து அம்மாவுக்கு எடுத்து வைத்தாள். மாடத்தி ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டாள். நயினார் தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்துவிட்டு வந்து, ஊசியைப் போட்டார்.

"நேரம் கழிச்சுப் போடுதீயளே அண்ணாச்சி, ஒண்ணும் செய்யாதா?" என்று கேட்டாள் மகள்.

"இதுதான் இனிமே நேரம். நீ பதறிப் பதறி ஓடியாராதே. நீ வந்த பெறவுதான் ஊசி."

முப்பிடாதி அம்மாவைப் பார்த்தாள். அம்மா ஜன்னலைப் பார்த்தாள்.

மத்தியானம் வேலை மாறுகிற நேரம். நயினார் கை கழுவிவிட்டு வந்து சிஸ்டரின் மேஜைக்கு எதிரே உட்கார்ந்தார். யாரும் சொல்லாமலேதான் உட்கார்ந்தார்.

"சிஸ்டர், நாளைக்கு எனக்கு லீவு. அந்தப் புதுப் புள்ள சரோஜினிதான் காலையில வருது."

"ஆமா."

"மாடத்தியம்மா விஷயத்தைச் சொல்லிட்டேன். மத்த கட்டிலுக்கெல்லாம் என்ன சொல்லிட்டுப் போகட்டும்?"

"என்ன சொல்லணும்?"

"சாப்ட்டாச்சான்னு மட்டும் யாரையும் கேட்டுராதேன்னு சொல்லிரட்டா?"

"ஏன், கேக்கட்டுமே."

"ஆச்சுன்னுதானே சொல்லுவாவ."

"சொல்லட்டும்."

நயினாருக்குக் குழம்பியது. "இன்னிக்கு நான் எத்தனை விதமா கேட்டேன் சிஸ்டர். எத்தனை இட்லி, என்ன சட்னி, ஏனம் எங்கன்னு. ஒண்ணுக்கும் நிசம் வரலை. அந்தப் புள்ள இந்த ஒத்தைக் கேள்வியைக் கேட்டு என்ன தெரிஞ்சுக்கிடும்?"

சிஸ்டர் எழுந்து தன் பையை எடுத்துத் தோளில் மாட்டினார்.

"கேட்டுட்டு, கொஞ்ச நேரம் அங்கயே நிக்கச் சொல்லுங்க அண்ணாச்சி."